நாயை ஆர்ட் சென்டருக்கு கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

நான் ஒரு கம்யூனிட்டி ஆர்ட் சென்டர்ல வாலண்டியரா இருக்கேன், வீட்லயும் நாய் இருக்கு, அதனால ரெண்டு பக்கத்து ஆளுங்களும் என்கிட்டதான் டவுட் கேப்பாங்க. நாய் வெச்சிருக்கவங்க உள்ள விடுவீங்களான்னு கேக்குறாங்க, க்ளாஸ் எடுக்குறவங்க நாய் வந்தா இங்க இருக்குற பெயிண்ட், களிமண்ணெல்லாம் என்ன ஆகும்னு கேக்குறாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன், கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே விட்டுட்டேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், அந்த இடம் நாய்க்கு புடிக்குதாங்கறதுதான் எனக்கு முக்கியம், நமக்கு நல்ல போட்டோ கிடைக்குதாங்கறது அப்புறம்தான். பதில் எல்லாமே அந்த நினைப்புல எழுதினதுதான்.

ஆர்ட் சென்டர்ல நாயெல்லாம் உள்ள விடுவாங்களா முதல்ல?

சில இடத்துல விடுவாங்க, சில இடத்துல முற்றம் வரைக்கும்தான், சில இடத்துல சுத்தமா கிடையாது. ஒரே சென்டருக்குள்ளயே ரூமுக்கு ரூம் ரூல் மாறும், ஏன்னா கேலரி தனி, பெயிண்டிங் ஸ்டூடியோ தனி, பாட்டரி ரூம் தனி, குழந்தைங்க க்ளாஸ் தனி. அதனால "நாய் கூட்டிட்டு வரலாமா"ன்னு மட்டும் கேட்டுட்டு போனை வெச்சுடாதீங்க. எந்தெந்த ரூமுக்கு வரலாம், அன்னைக்கு உள்ள என்ன வேலை நடக்குது, வேற நாய் வருதா, கூட்டம் கம்மியா இருக்குற நேரம் எதுன்னு சேத்தே கேளுங்க.

இதுல ரெண்டாவது கேள்விதான் நிறைய பேர் கேக்க மறந்துடறது. வாட்டர்கலர் க்ளாஸ் நடக்குற நாளும் எட்சிங் பிளேட்டை, அதாவது படம் அச்சடிக்கிற உலோகத் தகட்டை, ஆசிட்ல போடுற நாளும் நாய்க்கு ஒண்ணு கிடையாது.

நாய்க்கு படம் பாக்க தெரியுமா? அதுக்கு அங்க என்ன இருக்கு?

சுவத்துல மாட்டியிருக்குற படத்துல அதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல. கேலரில படத்தோட நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145, 150 சென்டிமீட்டர் உயரத்துல வர்ற மாதிரிதான் மாட்டுவாங்க, அது நம்ம கண்ணு மட்டம், நாயோட உலகம் அதுக்கு ரொம்ப கீழ இருக்கு. நம்ம கண்ணுல நிறத்துக்கு மூணு வகை செல் இருக்கு, அதுக்கு ரெண்டுதான், நீலமும் மஞ்சளும் நல்லா தெரியும், சிவப்பும் பச்சையும் மங்கலா ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும்.

ஆனா மூக்குக்கு அங்க விருந்து. லின்சீட் ஆயில், ஈரக் களிமண், மரத்தூள், மெழுகு, பழைய கேன்வாஸ், நூறு பேரோட செருப்பு வாசனை எல்லாம் ஒரே கதவுக்குள்ள. 2016ல டொமினிக் வில்காக்ஸ்ங்கிற கலைஞர் லண்டன்ல நாய்களுக்குன்னே ஒரு கண்காட்சி வெச்சார், அதுல ஓடுற கார் ஜன்னல்ல நாய் தலைய வெளிய நீட்டுற மாதிரி ஒரு செட்டப், ஃபேன் காத்துல பச்சைக் கறி, பழைய ஷூ வாசனையெல்லாம் வரும். நாய்க்கு எது கலைன்னு யோசிச்சவர் மூக்குலதான் ஆரம்பிச்சிருக்கார். நீங்களும் கூட்டிட்டு போனா இழுத்துட்டு ஓடாம நின்னு மோப்பம் பிடிக்க விடுங்க, அதுக்கு அதுதான் டூர்.

மூணு மாச குட்டி, கூட்டிட்டு வரலாமா, எல்லாரும் பாக்கணும்னு ஆசைப்படறாங்க

புது இடம், புது ஆளு, புது சத்தம் எல்லாத்தையும் குட்டி பயமில்லாம ஏத்துக்குற வயசு ஏறக்குறைய 3 வாரத்துலேர்ந்து 14 வாரம் வரைக்கும். அதனால ஆசைல தப்பில்ல, இந்த வயசுல நல்லா பழகின நாய் பின்னாடி எங்கயும் நிம்மதியா இருக்கும். சிக்கல் என்னன்னா குட்டிக்கு ஊசி 6, 8 வாரத்துல ஆரம்பிச்சு 16 வாரம் வரைக்கும் தவணை தவணையா போகும், அது முடியிற வரைக்கும் பார்வோ மாதிரி வியாதிக்கு எதிர்ப்பு சக்தி முழுசா இருக்காது, பார்வோ வைரஸ் தரையில மாசக்கணக்குல உயிரோட கிடக்கும்.

அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அவர் சரின்னா கையில தூக்கிட்டு வாங்க, தரையில விடாதீங்க, பத்து நிமிஷம் காட்டிட்டு கிளம்பிடுங்க. பாக்க வந்த எல்லார் கையிலயும் மாத்தி மாத்தி குடுக்க வேணாம்.

எங்க பையன் (நாய்தான்) வீட்ல தங்கம், வெளிய எப்படி இருப்பான்னு தெரியல, எப்படி கண்டுபிடிக்கிறது?

நேரா ஆர்ட் சென்டர்ல டெஸ்ட் பண்ணாதீங்க. முதல்ல வேற எங்கயாவது, ஆளு நடமாட்டம் இருக்குற அமைதியான இடத்துல ஒரு ஓரமா நின்னு பாருங்க. ட்ரீட் குடுத்தா வாங்கி சாப்பிடறானா, கூப்பிட்டா திரும்பி பாக்குறானா, தெரியாத ஆள் பக்கத்துல போனா உடம்பு லூசா இருக்கா. வழக்கமா ட்ரீட்டுக்கு உயிரை விடற நாய் அங்க வேணாம்னு முகத்தை திருப்பினா அது பயத்துல இருக்குன்னு அர்த்தம்.

வால் கால் நடுவுல போறது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முன்னாடியே வர்ற அடையாளம்தான் நம்ம கவனிக்காம விடறது. சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்ட நக்குறது, தூக்கமே வராத நேரத்துல கொட்டாவி விடறது, தலைய ஒரு பக்கம் வெச்சுட்டு கண்ணை மட்டும் ஓரமா திருப்பி வெள்ளை தெரியிற மாதிரி பாக்குறது, வெயில் இல்லாமலே மூச்சு வாங்குறது. இதுல ரெண்டு மூணு சேந்து வந்தா வெளிய கூட்டிட்டு போயிடுங்க. சில நாய்க்கு இந்த மாதிரி இடமே புடிக்காது, அது குறை கிடையாது, அந்த நாய வீட்ல விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க.

கையில என்னென்ன எடுத்துட்டு வரணும்?

ஒன்றரை ரெண்டு மீட்டர் நீளத்துல சாதாரண லீஷ். பட்டன அமுக்கினா நீண்டுட்டே போற லீஷ் வேணவே வேணாம், அந்த மெல்லிசு கயிறு ஈஸல் (படம் வரையிற ஸ்டாண்டு) கால்ல சுத்திக்கிச்சுன்னா மொத்தமா சாயும், சாயுற சத்தத்துல நாய் ஓடும், ஓடினா அடுத்த ஈஸலும் போகும். கழுத்து பெல்ட்டை விட நெஞ்ச சுத்தி மாட்டுற ஹார்னஸ் நல்லது. தண்ணி, மடக்குற கிண்ணம், கக்கா பை, ஒரு பழைய டவல், ஊசி போட்ட கார்டு அல்லது அதோட போட்டோ.

வீட்லேர்ந்து அது தினமும் படுக்குற பாய் ஒண்ணு கொண்டு வந்தீங்கன்னா ரொம்ப உதவும். பாலிஷ் போட்ட தரை நாய்க்கு வழுக்கும், பாயை விரிச்சா அது தன் இடம்னு அதுல போய் படுத்துக்கும், கீழ சிந்தியிருக்குற பெயிண்ட் துளியிலும் படாது. நகத்த முன்னாடியே வெட்டிடுங்க.

உள்ள உச்சா போயிட்டா என்ன பண்றது, அதுக்கு பயந்தே நான் கூட்டிட்டு போறதில்ல

வர்றதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் நல்லா நடக்க விடுங்க, ரெண்டு மூணு தடவ போயிட்டு வரட்டும். அப்பவும் ஆண் நாய் கால தூக்க பாக்கும், ஏன்னா சிற்பம் வெச்சிருக்குற பெடஸ்டல் அதுக்கு நடு ரூம்ல நிக்கிற புது தூண், தூண்னா அடையாளம் வெக்கணும். பெடஸ்டலை சுத்தி சுத்தி ஒரே இடத்த மோந்து பாக்க ஆரம்பிச்சாலே பேர் சொல்லி கூப்பிட்டு நகத்திடுங்க.

போயிடுச்சுன்னா திட்டாதீங்க, ஆளுகிட்ட சொல்லுங்க, பேப்பரால ஒத்தி எடுங்க, அப்புறம் என்சைம் கிளீனர் போடுங்க. அம்மோனியா கலந்த கிளீனர் போடாதீங்க, உச்சாலயும் அம்மோனியா வாசனை இருக்குறதால அடுத்த நாய் அதே இடத்துல போகும். சிற்பத்து மேலயே பட்டுட்டா நீங்க துடைக்கவே துடைக்காதீங்க, மரமா உலோகமா பூச்சா என்னன்னு தெரியாம துடைச்சா இன்னும் கெட்டுடும், சென்டர் ஆளுங்க பாத்துக்கட்டும்.

எவ்ளோ நேரம் இருக்கலாம்?

முதல் தடவ இருபது நிமிஷம், அரை மணி நேரத்துக்கு மேல வேணாம். நல்லா இருக்கே இன்னும் கொஞ்சம் இருக்கலாம்னு தோணுதுல்ல, அப்பவே கிளம்பிடுங்க. நல்லா இருக்கும்போதே வெளிய வந்த நாய்க்கு அடுத்த தடவ உள்ள வர புடிக்கும்.

பெயிண்ட்டை நக்கிட்டான்!! என்ன பண்றது?

முதல்ல எந்த பெயிண்ட்டுன்னு பாருங்க, ட்யூப் அல்லது டப்பாவை கையில எடுத்துக்கோங்க. குழந்தைங்க வாட்டர்கலர், போஸ்டர் கலர், ஈரமான அக்ரிலிக் இதெல்லாம் ஒரு நக்கு நக்கினா பெரும்பாலும் வயித்த கலக்கும், வாந்தி வரலாம், அதோட போயிடும். வாய துணியால துடைச்சு தண்ணி குடுத்து கவனிங்க. கேட்மியம், கோபால்ட், லெட் இந்த மாதிரி உலோகம் கலந்த கலர்னா லேபிள்லயே இருக்கும், அது எவ்ளோ கம்மியா இருந்தாலும் டாக்டருக்கு போன் பண்ணிடுங்க.

பயப்பட வேண்டியது டர்பன்டைன், தின்னர், பிரஷ் கழுவுற ஸ்பிரிட். தரையில வெச்ச டப்பால தண்ணி மாதிரியே இருக்கும், நாய் குடிச்சுடும். குடிச்சுட்டா தயவுசெஞ்சு வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத் தண்ணி குடுக்குறது, விரல விட்டு வாந்தி எடுக்க வைக்கிறது எதுவும் கூடாது, ஏன்னா அது வெளிய வரும்போது மூச்சுக் குழாய்க்குள்ள போனா நுரையீரல் புண்ணாகிடும், வயித்துல இருக்குறத விட அது ஆபத்து. நேரா டாக்டர்கிட்ட, டப்பாவோட.

உடம்புல பட்டுட்டா அது நக்குறதுக்குள்ள கழுவணும். தண்ணி பெயிண்ட்னா வெதுவெதுப்பான தண்ணியும் மைல்டு சோப்பும் போதும். ஆயில் பெயிண்ட்னா சமையல் எண்ணெய் கொஞ்சம் தேய்ச்சு இளக்கி, அப்புறம் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு அலசுங்க. காஞ்சு ஒட்டிடுச்சுன்னா அந்த முடிய வெட்டிடுங்க. தின்னர் போட்டு துடைக்கவே கூடாது.

ஆனா டப்பா மேல நான்-டாக்ஸிக்னு போட்டிருக்கே, அப்ப பிரச்சனை இல்லதானே?

அந்த சீல் மனுஷங்க வழக்கமா பயன்படுத்துற விதத்த வெச்சு குடுக்குறது. பத்து கிலோ நாய் அரை ட்யூப்பை கடிச்சு முழுங்கும்னு கணக்கு போட்டு யாரும் டெஸ்ட் பண்ணல. இதுக்கு நல்ல உதாரணம் குழந்தைங்க விளையாடுற உப்பு மாவு, மாவும் உப்பும் தண்ணியும் கலந்து வீட்லயே பிசையிறது. மனுஷக் குழந்தை கையில அது பாவம் ஒண்ணும் பண்ணாது. நாய்க்கோ உடம்பு எடை கிலோவுக்கு 2, 3 கிராம் உப்பே விஷமாகும், 5 கிலோ நாய்க்கு ரெண்டு டீஸ்பூன் உப்பு போதும், ஒரு உருண்டை மாவுல அது ஈஸியா இருக்கும். நாய்க்கு வாசனையும் ருசியும் புடிச்சுப்போய் முழு உருண்டையையும் முழுங்கும். அதிகமா தாகம், வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம்னு ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும். மாவு முழுங்கினத பாத்தீங்கன்னா அறிகுறிக்கு காத்திருக்காதீங்க.

இன்னொண்ணு பசை. பள்ளிக்கூடத்துல ஒட்டுற வெள்ளைப் பசை பெரிய விஷயமில்ல. மரம் ஒட்டுற பாலியூரித்தேன் பசை இருக்கு பாருங்க, அது ஈரம் பட்டா நுரைச்சு பல மடங்கு வீங்கி கல்லாகும். நாய் வயித்துக்குள்ளயும் அதேதான் நடக்கும், ஆபரேஷன் பண்ணிதான் எடுக்கணும். கேன்வாஸுக்கு பூசுற முயல் தோல் பசையும் இருக்கு, அது விஷத்துக்காக இல்ல, வாசனைக்காக சொல்றேன், எலும்பு சூப் மாதிரி இருக்கும், ஊற வெச்ச டப்பாவ மேல எடுத்து வெக்கலைன்னா நாய் அங்கயேதான் நிக்கும்.

பாட்டரி ரூம் பரவாயில்லதானே, வெறும் மண்ணு

மண்ணு வெறும் மண்ணுதான், கொஞ்சம் தின்னா வெளிய வந்துடும், நிறைய தின்னா குடல்ல அடைச்சுக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பவுடர் இன்னும் மோசம், வயித்துல இருக்குற ஈரத்துலயே இறுகிடும். ஆனா அந்த ரூம்ல என்னோட கவலை வேற. மண் பாத்திரத்துக்கு மேல பூசுற பளபளப்புப் பூச்சு, அதான் கிளேஸ், அந்த பக்கெட் எல்லாம் தரையிலதான் இருக்கும், அதுக்குள்ள பேரியம், மாங்கனீஸ், காப்பர்னு என்னென்னமோ கலந்திருக்கும். காஞ்ச களிமண் தூசு தரைலயே படிஞ்சிருக்கும், அது சிலிக்கா, நாயோட மூக்கு அந்த தரையிலேயேதான் இருக்கு. சூளை உள்ள 1000 டிகிரிக்கு மேல எரியும், வெளிப்பக்கமும் தொட்டா சுடும்.

அதனால சக்கரத்துல வேலை நடக்கும்போதும் சூளை எரியும்போதும் நாய் வேணாம். கதவுக்கு வெளிய நின்னு பாக்கட்டும். தைக்கிற ரூமும் அப்படித்தான், நூலோட ஊசிய முழுங்கிச்சுன்னா நூல் குடல சுருக்கிடும், வாயிலயோ பின்னாடியோ நூல் தொங்கினா இழுக்காம அப்படியே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போகணும்.

அவளோட கால் தடத்த எடுத்து ஃப்ரேம் போடணும்னு ஆசை, எப்படி எடுக்குறது?

எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது. களிமண்ல எடுக்குறதுதான் பெஸ்ட், பெயிண்ட்டே வேணாம். முக்கால் இஞ்ச் தடிமன்ல மண்ண உருட்டி பரப்பி, நாய நிக்க வெச்சே அந்த பலகைய காலுக்கு கீழ கொண்டு வாங்க, காலை இழுத்து மண்ணுக்கு கொண்டு போகாதீங்க. மணிக்கட்டுக்கு மேல மெதுவா அமுக்கி நேரா மேல தூக்கினா நாலு விரலும் நடு மெத்தையும் நகக் குழியும் சுத்தமா விழும், நல்ல மண்ணா இருந்தா விரல் நடுவுல இருக்குற முடியோட கோடு கூட தெரியும். உடனே காலை கழுவிடுங்க. மண்ணு காஞ்சு சுட்டு முடியும்போது சுமார் 10 சதவீதம் சுருங்கும், அதனால வீட்டுக்கு போன பிறகு "இது எங்க நாய் காலே இல்ல, சின்னதா இருக்கு"ன்னு சொல்லாதீங்க. உப்பு மாவுல எடுக்க வேணாம், காரணம் மேலயே சொல்லிட்டேன்.

சிந்து சமவெளில சான்ஹு-தாரோங்கிற ஊர்ல 1935-36ல தோண்டினப்ப கிடைச்ச ஒரு செங்கல்ல நாய் கால் தடமும் பூனை கால் தடமும் இருக்கு, செங்கல் ஈரமா காஞ்சுட்டு இருந்தப்ப ரெண்டும் மேல நடந்து போயிருக்கு. நாலாயிரம் வருஷத்துக்கும் மேல அந்த தடம் நிக்குது. மண்ணுல எடுங்கன்னு நான் சொல்றதுக்கு இத விட நல்ல காரணம் வேணுமா.

கால் தடமா இல்லாட்டியும் பேப்பர்ல கலரோட ஒரு படம் வேணும்னா பெயிண்ட் காலிலேயே படாம எடுக்கலாம். தடிமனான பேப்பர்ல நாலஞ்சு சொட்டு பெயிண்ட் விட்டு, அத ஜிப் பைக்குள்ள போட்டு மூடி, தரையில ஒட்டி, பை மேல பீனட் பட்டர் கொஞ்சம் தடவுங்க. அது நக்க நக்க, காலால தள்ளத் தள்ள உள்ள கலர் கலந்து ஒரு படம் வரும். பீனட் பட்டர் வாங்குறப்ப டப்பால சைலிட்டால்னு எழுதியிருந்தா எடுக்காதீங்க, அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

ட்ராயிங் க்ளாஸ்ல எங்க நாய மாடலா உக்கார வெக்கலாமான்னு கேட்டாங்க, ஓகே சொல்லலாமா?

உக்கார வெக்க வேணாம், இருக்க விடுங்க. "ஸ்டே ஸ்டே"ன்னு கத்தி இருபது நிமிஷம் ஒரே போஸ்ல வெச்சா நாய்க்கும் கஷ்டம், படத்துலயும் அந்த விறைப்பு வந்துடும். பாயை போட்டு படுக்க விட்டா அதுவே சுருளும், நீட்டும், காத தூக்கும், எழுந்து போகும். வரையிறவங்க முப்பது செகண்ட், ரெண்டு நிமிஷம்னு வேகமா கோடு போட்டு பழகிக்கட்டும். டேவிட் ஹாக்னிங்கிற பிரிட்டிஷ் ஓவியர் 1990கள்ல தன்னோட ரெண்டு டாக்ஷண்ட் நாய்ங்கள, ஸ்டான்லி, பூஜி, வரிசையா பெயிண்ட் பண்ணினார், அதுங்க எப்ப எழுந்து போகும்னு தெரியாதுங்கறதால ரொம்ப வேகமா வரைய வேண்டியிருந்துச்சு, அதுங்க மட்டத்துக்கு ஈஸலையும் தாழ்த்தி வெச்சார். அந்த படத்துல பாருங்க, நாய் பாதி தூக்கத்துல குஷன்ல அமுங்கி கிடக்கும், போஸே கிடையாது.

கண்டிஷன் ரெண்டு. நீங்க பக்கத்துலயே இருக்கணும், எல்லாரும் சுத்தி வட்டமா உக்காந்து ஒரே நேரத்துல முறைச்சு பாக்கக் கூடாது. நிறைய நாய்க்கு தெரியாத ஆளு நேரா கண்ண பாத்தா மிரட்டல். ஒரு பக்கமா அரை வட்டம் போட்டு உக்காந்தா பின்னாடி போற வழி நாய்க்கு திறந்திருக்கும்.

பசங்க க்ளாஸ் முடிஞ்சு வெளிய வந்தா அம்பது கை ஒரே நேரத்துல வருது, எப்படி சமாளிக்கிறது?

முதல்ல நாய சுவத்தோரம் நிறுத்தி நீங்க நடுவுல நில்லுங்க. "ஒரு நேரத்துல ஒருத்தர்"னு சத்தமா சொல்லுங்க. குழந்தை கைய நீட்டி தலைமேல வெக்காம பக்கவாட்டுல நிக்கணும், நாய் தானா பக்கத்துல வந்தா நெஞ்சுலயோ தோள்பட்டையிலயோ மூணு எண்ணுற வரைக்கும் தடவலாம், அப்புறம் கைய எடுக்கணும். கைய எடுத்த பிறகும் நாய் ஒட்டிட்டு நின்னா இன்னும் வேணுமாம், விலகினா போதுமாம். இந்த ஒண்ணையே நல்லா சொல்லிக்குடுத்தா பசங்க ரொம்ப பொறுப்பா பண்றாங்க, பெரியவங்கதான் கேக்க மாட்டாங்க. கட்டிப்பிடிக்கிறது, முகத்துக்கிட்ட முகம் வெக்கிறது கூடவே கூடாது. குழந்தைங்க டிபன் பாக்ஸையும் கவனிங்க, சாக்லேட், திராட்சை ரெண்டும் நாய்க்கு ஆகாது.

க்ளாஸ்ல ஒருத்தருக்கு நாய்னா பயம், இன்னொருத்தருக்கு அலர்ஜி. நாங்க என்ன தப்பு பண்ணோம்?

யாரும் தப்பு பண்ணல. பயப்படறவங்களுக்கு "ஒண்ணும் பண்ணாது"ன்னு சொல்லாதீங்க, கடி வாங்கினவங்களா இருக்கலாம், உங்க வார்த்தைல அது போகாது. தூரத்த குடுங்க, அவங்க பக்கம் கதவு இருக்குற மாதிரி உக்கார வைங்க. அலர்ஜி வேற கதை. அது முடியால வர்றதில்ல, எச்சில்லயும் தோல் செதில்லயும் இருக்குற புரதத்தால வருது, முடி கொட்டாத ஜாதி நாய்கிட்டயும் அந்த புரதம் இருக்கு, நாய் போன பிறகும் காத்துலயும் துணியிலயும் ரொம்ப நேரம் இருக்கும். அதனால ஒரே ரூம்ல தள்ளி உக்காந்தா தீராது, வேற நாள்தான் வழி. காசு கட்டி க்ளாஸுக்கு வந்தவங்களுக்குத்தான் முதல் உரிமை, நாய்க்கு இல்ல, இதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது.

கண்காட்சி திறப்பு விழாவுக்கு கூட்டிட்டு வரவா?

வேணாம். கூட்டம், மைக் சத்தம், கைதட்டு, தரையில விழுந்த தீனி, காலுக்கு நடுவுல வால். அடுத்த வாரம் யாரும் இல்லாத காலை நேரத்துல வாங்க.

ஏதாவது படத்த கெடுத்துட்டா யார் காசு குடுக்கணும்?

நாய கூட்டிட்டு வந்தவங்கதான் பொறுப்புன்னு பல சென்டர் எழுதியே வாங்கிக்குவாங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி படிங்க. உங்ககிட்ட பெட் இன்சூரன்ஸ் இருந்தா மத்தவங்க பொருளுக்கு வர்ற சேதம் அதுல வருதான்னு பாத்துக்கோங்க, வைத்தியச் செலவுக்கு மட்டும் போட்டதா இருந்தா வராது. அத விட, சிக்கல் வர்ற இடத்த முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. சுவத்துல இருக்குறத நாய் தொடாது. தரையில விரிச்ச இன்ஸ்டலேஷன், கயிறு, உருண்டை, துணியால செஞ்ச உருவம், மாட்டு எலும்பு இறகு வெச்ச சிற்பம் இதுக்கெல்லாம் பக்கத்துல லீஷை அரை மீட்டருக்கு சுருக்கி புடிங்க. வால் பெருசா இருக்குற நாய்னா வால் ஆடினாலும் பெடஸ்டல்ல படாத அளவுக்கு தள்ளி நடத்துங்க.

தெரப்பி டாக்னு ஒரு சர்டிபிகேட் இருக்கு, காட்டினா விடணும்தானே?

அசிஸ்டன்ஸ் டாக், தெரப்பி டாக், வீட்டு நாய் மூணும் வேற வேற. அசிஸ்டன்ஸ் டாக்னா பார்வை இல்லாதவருக்கு வழி காட்டுறது, காது கேக்காதவருக்கு சத்தத்த சொல்றது மாதிரி ஒரு குறிப்பிட்ட ஆளுக்காக வேலை கத்துக்கிட்ட நாய், பல நாட்டுல சட்டமே அத பொது இடத்துல விடணும்னு சொல்லுது, "செல்லப் பிராணி கூடாது" ரூல் அதுக்கு இல்ல. தெரப்பி டாக் மத்தவங்களுக்கு ஆறுதல் குடுக்க கூப்பிட்ட இடத்துக்கு போற நாய், கூப்பிடாத இடத்துல அதுக்கு தனி உரிமை கிடையாது. நம்ம வீட்டு நாய் நம்ம வீட்டு நாய். சீக்கிரமா உள்ள விடுவாங்கன்னு கோட்டு மாட்டி அசிஸ்டன்ஸ் டாக்னு சொல்றத சிலர் பண்றாங்க, அது குலைச்சா அடுத்து உண்மையிலேயே தேவைப்படற ஒருத்தர் வாசல்ல நிக்கும்போது அவர சந்தேகப்படுவாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

அசிஸ்டன்ஸ் டாக் உள்ள வந்தா அத கூப்பிடாதீங்க, தொடாதீங்க, உங்க நாயையும் பக்கத்துல விடாதீங்க.

போன தடவ ஒருத்தர பாத்து உறுமிட்டான், இனிமே கூட்டிட்டு போகவே கூடாதா?

உறுமினது நல்லது, கடிக்கிறதுக்கு முன்னாடி வாயத் திறந்து சொல்லியிருக்கான். உறுமுறதுக்கு அடிச்சு பழக்கினா அடுத்த தடவ சொல்லாமலே கடிப்பான், அதனால திட்டாம அங்கிருந்து நகத்தினீங்கன்னா சரியா பண்ணியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு யோசிங்க. மேல சொன்ன உதடு நக்குறது, கண் வெள்ளை தெரியிறது எதாவது வந்துச்சா, ரொம்ப நேரம் ஆயிடுச்சா, மூலையில மாட்டிக்கிட்டானா, குனிஞ்சு தலைமேல கைய வெச்சாங்களா. இதுல ஒண்ணு இருந்தா அந்த ஒண்ண மாத்தி, வெளிய முற்றத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிங்க. காரணமே புரியல, இதுவரைக்கும் உறுமாத நாய் திடீர்னு உறுமுதுன்னா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, காது வலி, பல் வலி, மூட்டு வலி இருந்தாலும் இப்படி வரும். சென்டர்ல மறைக்காதீங்க, சொல்லிடுங்க.

பாஸ்டன் மியூசியத்துல நாய்க்கு வேலையே குடுத்தாங்களே, அப்ப எங்க நாய மட்டும் ஏன் விடமாட்டேங்கிறீங்க?

பாஸ்டன் ஃபைன் ஆர்ட்ஸ் மியூசியத்துல 2018ல ரைலின்னு ஒரு வெய்மரனர் ஜாதி நாய்க்குட்டிய எடுத்தது உண்மை. பழைய துணியையும் மரத்தையும் அரிக்கிற பூச்சிய மோப்பத்துல கண்டுபிடிக்க அத பழக்கினாங்க, கண்ணுக்கு தெரியாத அளவுல பூச்சி இருக்கும்போதே அது அந்த பொருள் முன்னாடி உக்காரணும், அவ்ளோதான் அதோட வேலை. ஒரே வாசனைக்காக பழக்கின நாய், பழக்கினவர் பக்கத்துல, பெரும்பாலும் பார்வையாளர் இல்லாத இடத்துல. உங்க நாய் வர்றது ஜாலியா மோந்து பாக்க. ரெண்டுக்கும் ரூல் ஒண்ணா இருக்க முடியாது.

ஆனா இந்த கேள்விய கேட்டவங்க எல்லாருக்கும் நான் சொல்றது, சென்டர்ல போய் நாய்களுக்குன்னு தனியா ஒரு காலை நேரம் ஒதுக்குங்கன்னு கேளுங்க. அன்னைக்கு கிளேஸ் ரூமும் ஆயில் ஸ்டூடியோவும் பூட்டியிருக்கணும், தரையில இருக்குற டப்பா எல்லாம் மேல ஏறணும், ஒரே நேரத்துல நாலஞ்சு நாய்க்கு மேல வேணாம், உள்ள வர ஒரு வாசல் வெளிய போக இன்னொரு வாசல், நாய் வரும்னு முன்னாடியே போர்டு. இவ்ளோ எழுதிக்குடுத்து, நான் வந்து கூட நிக்கிறேன்னும் சொன்னா எந்த சென்டரும் யோசிச்சு பாக்கும்.

எங்க நாய்க்கு வயசாயிடுச்சு, கண்ணு தெரியல, அவளுக்கு இதுல என்ன இருக்குன்னு வீட்ல கேக்குறாங்க

மூக்கு இருக்கே. படம் பாக்குறதுல அதுக்கு பெருசா ஒண்ணும் இல்லன்னு மேலயே எழுதினேன், கண்ணு போனதால இந்த இடத்துல அவளுக்கு போற நஷ்டம் கம்மி. காலியா இருக்குற நேரமா பாத்து வாங்க, ஒரு ரூமுக்கு மட்டும், சுவத்தோரமாவே நடத்துங்க, திரும்புற இடத்துல "மெல்ல", படி வந்தா "படி"ன்னு ஒரே வார்த்தைய எப்பவும் சொல்லுங்க. தண்ணி கிண்ணத்த பாய்க்கு வலது பக்கம் வெச்சா கடைசி வரைக்கும் வலது பக்கமே இருக்கட்டும். யாராவது தொடணும்னா முதல்ல பேசணும், பேசின பிறகு கைய மூக்குக்கிட்ட காட்டணும், அப்புறம்தான் தொடணும், இத நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. மூட்டு வலி இருந்தா அந்த வழுக்குற தரைக்கு ரப்பர் அடி வெச்ச சாக்ஸ் கிடைக்கும், ஆனா வீட்ல நாலு நாள் போட்டு பழக்கிட்டு கொண்டு வாங்க.